நிலக்கரித் துளைத்தளங்களிலும் அணுகு சாலைகளிலும் மண் அரிப்புத் தடுப்பைக் கண்காணித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் வடபகுதியில் டண்டி, கிளென்கோ, நியூகாசில், ஃப்ரைஹைட் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள நிலக்கரி நிலத்தோடு தமிழர்களுக்கு நெடுநாள் உறவு உண்டு. 1913 அக்டோபரில் நியூகாசில் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் செய்த ஒப்பந்தத் தொழிலாளர்களில் தமிழர்கள் பலர் இருந்தார்கள். இன்று அதே நிலத்தில் பண்ணை வைத்திருப்பவர்களாகவும், மண்வேலை ஒப்பந்தக்காரர்களாகவும், சுற்றுச்சூழல் அலுவலர்களாகவும் நம்மவர்களைக் காணலாம்; தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து பக்கத்து மாகாணமான ம்புமலாங்காவின் எமலாஹ்லேனியிலும் நியூகாசிலிலும் தங்கியுள்ள பொறியாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளே இவை. நிலக்கரி இருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் போடும் ஆய்வுத் துளைகளையும், அவற்றுக்குப் போகும் தற்காலிகச் சாலைகளையும் மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறோம். திறந்தவெளிச் சுரங்கம் தனியாகப் பேச வேண்டிய பொருள்.

சுரங்கமே இன்னும் தொடங்கவில்லை. சில துளைகள் போடுவதற்கு ஏன் இவ்வளவு கண்காணிப்பு?

துளை சிறியது என்பது உண்மைதான். வைரமுனைத் துளைக்கருவியால் எடுக்கப்படும் பாறை உருளையின் விட்டம் பெரும்பாலும் 47.6 அல்லது 63.5 மில்லிமீட்டர் அளவே இருக்கும். ஆனால் ரிக் எனப்படும் அந்தத் துளையிடும் இயந்திரத்தையும், நீர் லாரியையும், குழாய் ஏற்றிய வண்டியையும் மலைச்சரிவில் ஏற்றிக் கொண்டுபோக ஒரு சாலை வேண்டும். கேடு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் கொண்ட துளைத்தளத்தின் பரப்பு 500 சதுர மீட்டர். அதற்குப் போகும் சாலை 4 மீட்டர் அகலமும் ஒரு கிலோமீட்டர் நீளமும் கொண்டதானால் அதன் பரப்பு 4,000 சதுர மீட்டர். சக்கரங்களால் இறுகிப்போன அந்தப் பரப்பின்மேல் ஒரே மாலையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் எதுவும் மண்ணுக்குள் இறங்காவிட்டால், சாலை மட்டுமே ஒரு லட்சம் லிட்டர் நீரைத் திரட்டி ஏதோ ஓர் இடத்தில் கொட்டும். தளம் கொட்டுவது அதில் எட்டில் ஒரு பங்கு. ஆகவே ரிக் நிற்கும் இடத்தில் மட்டும் நின்று சுற்றிப் பார்த்துவிட்டுப் படிவத்தில் கையெழுத்திடும் கண்காணிப்பு ஆய்வாளர், பார்க்க வேண்டியதில் பெரும்பகுதியைப் பார்க்காமலே திரும்புகிறார்.

எந்தச் சட்டங்களின்கீழ் இது நடைபெறுகிறது?

கனிமங்களுக்கு அரசே காப்பாளர் என்று கூறும் 2002-ஆம் ஆண்டின் கனிம, பெட்ரோலிய வள மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ், கனிமத்தைத் தேடிப் பார்ப்பதற்கான ஆய்வுரிமை வழங்கப்படுகிறது. அது அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஒருமுறை மட்டும் மூன்று ஆண்டுகள்வரை புதுப்பிக்கலாம். அதற்கு முன்பே 1998-ஆம் ஆண்டின் தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் சுற்றுச்சூழல் அனுமதி பெற்றிருக்க வேண்டும். அந்த அனுமதியோடு இணைந்த மேலாண்மைத் திட்டமே ஆய்வாளரின் கையில் இருக்க வேண்டிய முதல் ஆவணம். அதைப் படிக்காமல் தளத்துக்குப் போவதில் பயனில்லை. அதே சட்டத்தின் 28-ஆம் பிரிவு, நிலத்தைக் கெடுக்கும் செயலைச் செய்பவர் அதைத் தடுக்கத் தகுந்த நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டவர் என்கிறது.

நீரைப் பொறுத்தவரை, 1998-ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டத்தின்கீழ் 1999 ஜூன் 4 அன்று வெளியிடப்பட்ட 704-ஆம் எண் விதிகள் முக்கியமானவை. விலக்கு பெறாத நிலையில், ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தின் எல்லைக்கோட்டுக்குள்ளோ, நீரோட்டத்திலிருந்து 100 மீட்டருக்குள்ளோ, இவற்றில் எது அதிகமோ அதற்குள் ஆய்வுப் பணி செய்யக் கூடாது. தூய நீர் தூய நீராகவும் அழுக்கு நீர் அழுக்கு நீராகவும் தனித்தனியே போக வேண்டும் என்பதும் அவ்விதிகளின் அடிப்படை. சதுப்புநிலம் அருகில் இருந்தால் அதிலிருந்து 500 மீட்டர் தொலைவுக்குள் நடக்கும் வேலைக்கு நீர்ப் பயன்பாட்டு அனுமதி தேவையா என்று பார்க்க வேண்டும். மலைச்சரிவில் புல்லுக்கு நடுவே ஊறிக்கொண்டிருக்கும் ஊற்றுநிலங்களும் சதுப்புநிலங்களே. குளிர்காலத்தில் அவை காய்ந்து கிடப்பதால் வரைபடம் தயாரிப்பவர்கள் அவற்றைத் தவறவிடுவதை அடிக்கடி காண்கிறோம்.

தளத்துக்குப் போனதும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

தளத்தைப் பார்க்கக் கூடாது. அதற்குக் கீழே உள்ள ஓடையைப் பார்க்க வேண்டும். ஓடையில் புதிய வண்டல் படிந்திருக்கிறதா, சாலை நீர் சேருமிடத்துக்கு மேலே நீர் தெளிவாகவும் கீழே கலங்கியும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அங்கிருந்து நீர் வந்த வழியே மேல்நோக்கி நடக்க வேண்டும். அவ்வாறு நடப்பவருக்கு ஒவ்வொரு வடிகாலும் தானாகவே தன் கதையைச் சொல்லிவிடும். மேலேயிருந்து வண்டியில் இறங்கி வருபவருக்குத் தடுப்பமைப்புகள் தெரியும். அவை வேலை செய்தனவா என்பது தெரியாது.

வட நட்டாலின் மண் ஏன் இவ்வளவு எளிதில் கரைகிறது?

நிலக்கரி அடுக்குகள் அமைந்திருக்கும் ஃப்ரைஹைட் பாறைத்தொகுதியின் மணற்கற்களும் களிப்பாறைகளும் சிதைந்து உருவான நிலம் இது. பல சரிவுகளில் மேலே சில பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மணல் கலந்த மண்ணும், அதன் அடியில் திடீரென்று இறுகிய களிமண்ணும் இருக்கும். எஸ்ட்கோர்ட், ஸ்டெர்க்ஸ்ப்ரைட் என்று இந்நாட்டு மண் வகைப்பாட்டில் பெயர் பெற்றவை இத்தகையவை. மேல்மண்ணில் இறங்கும் நீர் களிமண்ணில் தடைபட்டு, அதன் மேற்பரப்பிலேயே பக்கவாட்டில் ஓடுகிறது. அந்தக் களிமண்ணில் சோடியம் மிகுந்திருந்தால், அதன் துகள்கள் நீர் பட்டவுடனேயே ஒன்றையொன்று விலக்கித் தாமாகவே பிரிந்து கலங்கிவிடும். அரிப்பதற்கு நீர் வேகமாக ஓட வேண்டும் என்ற தேவைகூட இல்லை. டண்டியிலிருந்து ந்குட்டு வரை நிலத்தைக் கிழித்துக்கொண்டு கிடக்கும் டோங்காக்கள், அதாவது ஆழமான மண் பிளவுகள், பல இடங்களில் இவ்வாறு உருவானவை.

இதைக் கண்டறிய ஆய்வகம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. காய்ச்சி வடித்த நீர் ஒரு பாட்டிலும், அடி தெரியும் கண்ணாடிக் குவளை ஒன்றும் எடுத்துச் செல்லுங்கள். அடிமண்ணிலிருந்து சுமார் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள கட்டியை எடுத்து நீரில் மெதுவாக இட்டு, ஐந்து பத்து நிமிடம் அசைக்காமல் பாருங்கள். கட்டி உதிர்ந்து அடியில் குவிந்து, நீர் தெளிவாகவே இருந்தால் அது வெறும் உதிர்வு. கட்டியைச் சுற்றிப் பால் போன்ற கலங்கல் பரவினால், அந்த மண் தானே கலைந்து போகும் வகை. குழாய் நீரிலுள்ள உப்புகள் இந்தக் கலங்கலை மறைத்துவிடக்கூடும் என்பதால் வடித்த நீரே தேவை. கலங்காவிட்டால் ஆபத்தே இல்லை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. ஐயமுள்ள மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்புவதே சரி.

கலங்கும் மண் என்று தெரிந்தால் கண்காணிப்பின் போக்கே மாற வேண்டும். அடிமண்ணைத் தொடும் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டக் கூடாது. நீரைத் தேக்கும் தடுப்புகளும் ஆபத்தானவை. தேங்கிய நீர் மண்ணுக்குள் எலிவளை போலத் துளையிட்டு மறுபக்கம் வெளியேறும், மேற்பரப்பில் சிறு குழி தெரிவதற்குள் உள்ளே பெரும் பொந்து உருவாகியிருக்கும். ஜிப்சம் கலந்தால் அதிலுள்ள கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடித்து மண்ணை ஓரளவு கட்டுக்குள் கொண்டுவரும். ஆனால் சிறந்த வழி அந்த மண்ணைத் திறக்காமலே இருப்பதுதான். துளையின் இடத்தைச் சில பத்து மீட்டர் நகர்த்தப் புவியியலாளர் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார், முன்கூட்டியே கேட்டால்.

அணுகு சாலையில் என்னென்ன பார்க்க வேண்டும்?

முதலில், அந்தச் சாலை அங்கே இருக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். பழைய பண்ணைப் பாதை இருக்கும்போது கிரேடர் எனும் மண் சீவும் இயந்திரத்தைக் கொண்டு புதிதாக ஒன்றைச் சீவியிருந்தால், அதுவே அறிக்கையில் எழுதத்தக்க குறை. புல்லை அகற்றாமல் அதன்மேலேயே வண்டி ஓட்டக்கூடிய சமதளத்தில் கிரேடருக்கு வேலையே இல்லை.

அடுத்தது நீர் சாலையைவிட்டு எங்கே வெளியேறுகிறது என்பது. சாலையில் ஓடும் நீரைச் சிறுசிறு அளவாகப் பிரித்துப் புல்வெளிக்குள் விட்டுவிட வேண்டும். அது சாலையிலேயே நீண்ட தூரம் ஓடினால் சக்கரத்தடங்கள் வாய்க்கால்களாகிவிடும். இதற்காகச் சாலைக்குக் குறுக்கே சாய்வாக எழுப்பப்படும் நீர்தடுப்பு மேடுகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். காட்டுச் சாலைகளுக்கான பொதுவான வழக்கப்படி, 2 விழுக்காடு சரிவில் சுமார் 75 மீட்டருக்கு ஒன்று, 5 விழுக்காட்டில் 40 மீட்டருக்கு ஒன்று, 10 விழுக்காட்டில் 25 மீட்டருக்கு ஒன்று, 15 விழுக்காட்டில் 18 மீட்டருக்கு ஒன்று என்று அமைப்பார்கள். கலங்கும் மண்ணில் இன்னும் நெருக்கமாக வேண்டும். கைபேசியில் உள்ள சாய்வுமானியும் ஓர் அளவு நாடாவும் இதற்குப் போதும்; ஆயினும் இந்த அளவை எடுத்து எழுதியிருக்கும் அறிக்கைகள் அரிது.

மேடு இருப்பது மட்டும் போதாது. அதன் நுனி சாலைக்கு வெளியே நீண்டு, நீர் சுற்றிக்கொண்டு மீண்டும் சாலைக்கே திரும்பாதபடி இருக்க வேண்டும். கனமான வண்டிகள் ஏறி ஏறி மேட்டின் நடுப்பகுதி தேய்ந்திருந்தால் நீர் அங்கேயே உடைத்துக்கொண்டு போகும், அதனால் சக்கரம் ஏறும் இடத்தில்தான் உயரத்தை அளக்க வேண்டும், ஓரத்தில் அல்ல. நீர் வெளியேறும் வாய் நல்ல புல்மூடிய தரையில் திறக்கிறதா, கல் பரப்பப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருக்கும் டோங்காவின் தலைப்பக்கத்துக்கே நீரைத் திருப்பிவிட்டால், அந்தப் பிளவு ஒவ்வொரு மழையிலும் மேல்நோக்கி ஏறும். நீர் எப்படியும் அங்கேதானே போகிறது என்று ஒப்பந்தக்காரர்கள் சொல்லும் சமாதானத்தை ஏற்க வேண்டாம். பிளவின் உதட்டிலிருந்து 5 மீட்டர் மேலே ஓர் இரும்புக் கம்பியை அடித்துவைத்து, ஒவ்வொரு முறை வரும்போதும் தூரத்தை அளந்தால், விவாதத்துக்கே இடமிராது.

ஓடையைக் கடக்கும் இடத்தில்?

கடக்காமல் இருப்பதற்கு வழி தேடுவதே முதல் கடமை. அதற்கு வழியில்லாதபோது நீரோட்டத்துக்குச் செங்குத்தாக, கரை தாழ்ந்த, கல்லடியுள்ள ஓரிடத்தில் மட்டும் கடக்க வேண்டும். குழாய்ப்பாலம் போட்டிருந்தால், உள்வாய் குப்பையால் அடைபட்டிருக்கிறதா, வெளிவாய் தரைமட்டத்துக்கு மேலே தொங்கி அதன்கீழ் குழி பறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 450 மில்லிமீட்டருக்குக் குறைந்த விட்டமுள்ள குழாய்கள் புல்லும் கிளையும் அடித்து வரும் முதல் வெள்ளத்திலேயே அடைபடுவது வழக்கம். குழாய் அடைபட்டால் நீர் எந்த வழியே போகும் என்ற கேள்விக்கு வடிவமைத்தவரிடம் விடை இருக்க வேண்டும். சாலை ஓரிடத்தில் தாழ்ந்து, வெள்ளம் அங்கே வழிந்து மீண்டும் ஓடைக்கே சேர்ந்தால் நல்லது, சாலை வழியே ஓடிப்போனால் அடுத்த சரிவு முழுவதும் போய்விடும்.

துளைத்தளத்தில் பார்க்க வேண்டியவை எவை?

மேல்மண் தனியே எடுத்துவைக்கப்பட்டிருக்க வேண்டும், அடிமண்ணோடு கலக்கக் கூடாது, குவியல் இரண்டு மீட்டருக்கு மேல் போகக் கூடாது, தளத்தின் மேற்புறத்தில் நீர் படாத இடத்தில் இருக்க வேண்டும். அதில்தான் புல் விதைகள் இருக்கின்றன.

தளத்துக்கு மேலே, வெளியிலிருந்து வரும் மழைநீரைத் திருப்பிவிடும் சிறு வரப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் சரிவு முழுவதன் தூய நீரும் தளத்துக்குள் புகுந்து, எண்ணெயும் துளைச்சேறும் கலந்து அழுக்கு நீராக வெளியேறும். துளைக்கருவியிலிருந்து வரும் சேற்று நீர் தேங்கும் சம்ப் எனும் குழி, நிரம்பி வழியாத அளவுக்கு மழைக்கும் இடம் விட்டு வெட்டப்பட்டு, பிளாஸ்டிக் விரிப்பு இடப்பட்டிருக்க வேண்டும். துளையிலிருந்து வரும் நிலக்கரித் தூளை மண்ணின்மேல் பரப்பிவிடுவதை ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது. அதிலுள்ள பைரைட் எனும் இரும்பு-கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டு அமிலமாகும், அமிலம் பட்ட இடத்தில் புல் முளைக்காது, புல் இல்லாத இடம் அரிக்கும். சுரங்கத்தின் அமிலநீர் குடிநீரில் கலந்தால் என்ன ஆகும் என்பதை 2012 ஜனவரியில் ம்புமலாங்காவின் கரோலினா நகரம் கண்டது. அங்கே காரணம் ஆய்வுத் துளைகள் அல்ல என்றாலும், வேதியியல் அதேதான்.

வண்டல் வேலி போட்டுவிட்டோம். அது போதாதா?

போதாது. வண்டலைத் தடுக்கச் சரிவில் கட்டப்படும் இந்தத் துணிவேலியின் அடிப்பகுதி குறைந்தது 15 சென்டிமீட்டராவது மண்ணில் புதைந்து, சமஉயரக் கோட்டில் நின்று, இரு முனைகளும் மேட்டுப்பக்கம் வளைந்திருந்தால்தான் அது வேலை செய்யும். 30 மீட்டர் வேலிக்குப் பின்னால் ஏறத்தாழ 0.1 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தின் நீர் வந்து சேரக் கூடாது என்பது பொதுவான அளவு. ஓடைக்குக் குறுக்கே கட்டப்பட்ட வேலியைக் கண்டால் அகற்றச் சொல்லுங்கள். வேலியின் உயரத்தில் பாதி அளவுக்கு வண்டல் சேருமுன்பே அள்ளிவிட வேண்டும். அள்ளிய வண்டலை எங்கே கொட்டினார்கள் என்றும் கேளுங்கள், ஏனெனில் பல வேளைகளில் அது வேலிக்கு மறுபக்கமே கிடக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேலி மணலைப் பிடிக்குமே தவிரக் கலங்கிய களிமண்ணைப் பிடிக்காது. தரையை மூடிவைத்திருக்கும் புல்தான் களிமண்ணைக் காக்கும்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை போக வேண்டும்?

அனுமதியில் குறித்துள்ள இடைவெளி குறைந்தபட்சம் மட்டுமே. அக்டோபர் முதல் மார்ச் வரையிலான மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையும், பெருமழைக்குப் பின் ஒரு நாளுக்குள் மீண்டும் ஒருமுறையும் போவது பயனளிக்கும் முறை. இங்கே பெய்வது இடியோடு வரும் குறுகிய, கடுமையான மழை. ஒரு நாளின் மொத்த அளவைவிட அரைமணி நேரத்தில் எவ்வளவு கொட்டியது என்பதே முக்கியம். அதனால் தளத்திலேயே ஒரு மழைமானி இருக்கட்டும், பெய்து முடிந்த நேரத்தையும் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை போதும் என்பார்கள். பெரும்பாலும் சரிதான், ஆனால் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். அப்போதுதான் புல்வெளித் தீ வரும். வண்டல் வேலியும், பரப்பிய வைக்கோலும், பிளாஸ்டிக் குழாய்ப்பாலமும் ஒரே பிற்பகலில் எரிந்துபோகும். அடுத்த சில வாரங்களில் முதல் இடிமழை வெற்று மண்ணின்மேல் விழும். ஆண்டிலேயே மிக ஆபத்தான காலம் அதுவே, கண்காணிப்பு மிகக் குறைவாக இருக்கும் காலமும் அதுவே.

அறிக்கையை எப்படி எழுதுவது?

“சாலையில் சிறிது அரிப்புக் காணப்பட்டது” என்று எழுதினால் அதைக் கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. “பண்ணை வாயிலிலிருந்து 640 மீட்டர் தொலைவில், சாலையின் கீழ்ப்புறத்தில், 12 மீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் 20 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட பள்ளம் உள்ளது, அதற்கு மேலே 90 மீட்டருக்கு நீர்தடுப்பு மேடு எதுவும் இல்லை” என்று எழுதினால், போன மண் 0.72 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு டன் என்பதும், ஏன் போனது என்பதும், யார் என்ன செய்ய வேண்டும் என்பதும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடும். நிழற்படங்களை ஒவ்வொரு முறையும் அதே இடத்திலிருந்து, அதே திசையில், அளவுகோல் தெரியும்படி எடுக்க வேண்டும். திருத்த வேண்டிய கெடு நாளையும், அந்த நாளில் திருத்தப்பட்டதா என்பதையும் அடுத்த அறிக்கையின் முதல் வரியில் எழுதுங்கள்.

“எதிர்பாராத மழை, நாங்கள் என்ன செய்வது” என்று ஒப்பந்தக்காரர் சொன்னால்?

மழைமானிக் குறிப்பைக் கேளுங்கள். இப்பகுதியில் ஜனவரி மாதத்து இடிமழை எதிர்பாராதது அன்று.

எங்கள் பண்ணையில் துளை போடப் போகிறார்கள். நில உரிமையாளராக நான் என்ன செய்யலாம்?

நிலத்தில் இறங்குவதற்குக் குறைந்தது 21 நாள் முன்பே எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5அ பிரிவு கூறுகிறது. நிலத்தில் சட்டப்படி குடியிருப்பவருக்கும் இந்த உரிமை உண்டு. அந்த 21 நாளை வீணாக்காதீர்கள். சுற்றுச்சூழல் அனுமதியின் படியையும் மேலாண்மைத் திட்டத்தையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். சாலை போகவிருக்கும் வழியை ஒப்பந்தக்காரரோடு நடந்து பார்த்து, மழைக்காலத்தில் நீர் எங்கே தேங்கும், மாடுகள் எந்த வழியே இறங்கும், பழைய டோங்காக்கள் எங்கே இருக்கின்றன என்பதைச் சொல்லுங்கள். அதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் எவரும் இருக்க முடியாது. வேலைக்கு முந்தைய நிலையை நாள் குறிப்போடு படம் எடுத்துவையுங்கள். இந்தப் படங்கள் இல்லாதபோது, இருந்த பள்ளம் எது, வந்த பள்ளம் எது என்று பின்னால் நிறுவுவது மிகக் கடினம். இழப்பு ஏற்பட்டால் அல்லது ஏற்படக்கூடும் என்றால், அதே சட்டத்தின் 54-ஆம் பிரிவின்கீழ் இழப்பீட்டுக்கான வழிமுறை உள்ளது.

ரிக் போய்விட்டது. கண்காணிப்பு எப்போது முடிகிறது?

ரிக் போனபின்தான் கடினமான பகுதி தொடங்குகிறது, ஏனென்றால் அதன்பின் தளத்தில் அன்றாடம் யாரும் இருப்பதில்லை. துளை முறைப்படி சிமெண்டால் அடைக்கப்பட்டு, சம்ப் காய்ந்து, அடிமண் முதலிலும் மேல்மண் பின்னரும் திரும்ப இடப்பட்டிருக்க வேண்டும். சக்கரங்களால் இறுகிய தரையைச் சமஉயரக் கோட்டு வழியே சுமார் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கீறிவிட வேண்டும். சரிவு வழியே மேலிருந்து கீழாகக் கீறினால் நீருக்குப் புதிய வழி போட்டுக் கொடுத்ததாகிவிடும்.

விதைப்பு மழை தொடங்கும் அக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் நடந்தால்தான் புல் பிடிக்கும். விரைவாக மூடுவதற்கு டெஃப் புல்லும், நிலைத்து நிற்பதற்கு ரோட்ஸ் புல், ஸ்மட்ஸ் விரல்புல் போன்றவையும், தரையோடு படர்ந்து பிடிப்பதற்கு நமக்கு நன்கு தெரிந்த அருகம்புல்லும் கலந்து விதைக்கலாம். வடிகால் வாய்களிலும் செங்குத்தான கரைகளிலும் வெட்டிவேர் வரிசை நன்றாக வேலை செய்கிறது. விதையால் பரவாத வகையை நட வேண்டும். முதல் ஆண்டில் மாடுகளை உள்ளே விடாமல் வேலி அடைக்காவிட்டால் விதைத்த செலவு வீண்.

சாலையைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு தகராறு எழும். நல்ல சாலையாக இருக்கிறதே, எங்களுக்கே விட்டுவிடுங்கள் என்று பண்ணைக்காரர் கேட்பார். மூடும் செலவு மிச்சம் என்று நிறுவனமும் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்ளும். அப்படி விடுவதானால், எழுத்து மூலமான ஒப்புதலும் அனுமதி வழங்கிய அதிகாரியின் இசைவும் வேண்டும், நீர்தடுப்பு மேடுகளும் வடிகால்களும் வண்டி ஓட்டம் குறைந்த நிலைக்கு ஏற்றபடி உயர்த்திக் கட்டப்பட வேண்டும், அவற்றைப் பேணும் பொறுப்பு இனி யாருடையது என்பதும் தெளிவாக எழுதப்பட வேண்டும். கையெழுத்திடும் ஆய்வாளர் குறைந்தது இரண்டு மழைக்காலங்களையாவது பார்த்துவிட்டு, புல்மூட்டம் அருகிலுள்ள தொடாத நிலத்தை ஒத்திருக்கிறதா, இரும்புக் கம்பியிலிருந்து டோங்காவின் உதடு நகர்ந்திருக்கிறதா என்று அளந்தபிறகே பரிந்துரை எழுத வேண்டும். 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 43-ஆம் பிரிவின்கீழ் மூடுகைச் சான்றிதழ் வழங்கப்படும்வரை சுற்றுச்சூழல் பொறுப்பு ஆய்வுரிமை பெற்றவரைவிட்டு நீங்காது. சான்றிதழ் வந்தபின்னும் அது முற்றிலும் நீங்கிவிடுவதில்லை என்று இன்றைய சட்டம் கூறுகிறது.